கீவாவின் மண்மதிலுக்குள் நான்கு நாட்கள்

முதல் நாள்

உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் காலையில் ஏறிய ரயில், கிசில்கும் பாலைவனத்தின் மணலையும் குத்துச்செடிகளையும் மணிக்கணக்காகக் காட்டிக்கொண்டே வந்தது. கிசில்கும் என்றால் செம்மணல் என்று பொருள். ஆமூ தரியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காட்சி அடியோடு மாறி, வாய்க்கால்களும் வெடித்து நிற்கும் பருத்திக் காடுகளும் வரப்போரத்து முசுக்கொட்டை மரங்களுமாக விரிந்தது. மேற்கே காராகும், கிழக்கே கிசில்கும் என்னும் இரண்டு பாலைவனங்களுக்கு நடுவே, பாமீர் மலையிலிருந்து வண்டலைச் சுமந்து வரும் இந்த ஓர் ஆற்றை நம்பியே, கீவா இருக்கும் குவாரஸ்ம் நாடு தோன்றியது. அந்த வண்டலில்தான் பயிர் விளைகிறது. அந்த வண்டலையே வெட்டிக் குழைத்துத்தான் நகரத்தையும் கட்டினார்கள்.

கீவாவுக்கு ரயில் வந்ததே 2018ஆம் ஆண்டின் இறுதியில்தான். அதற்கு முன் உர்கெஞ்ச் நகரில் இறங்கி, 30 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியாக வர வேண்டியிருந்தது. இப்போது நிலையத்திலிருந்து ஓர் அகன்ற சாலை நேராகப் பழைய நகரின் கிழக்குப் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு மனைவியும் நானும் நடந்தே வந்தோம். உள்ளே ஒரு சந்துக்குள் இருந்த விடுதி வீட்டில் சாமான்களை வைத்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் மதிலைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினோம்.

மதிலுக்குள் இருக்கும் பழைய நகரின் பெயர் இச்சான் கலா; உள்கோட்டை என்று பொருள். சுமார் 26 ஹெக்டேர் பரப்பைச் சுற்றி, 2 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அதன் மதில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரமும், அடியில் 5 முதல் 6 மீட்டர் வரை கனமும் கொண்டது. அத்தனையும் சுடாத மண்கல். மேலே பல்வரிசை போன்ற ஞாயில்கள் வரிசையாக நிற்க, இடையிடையே கொத்தளங்கள் வயிறு பிதுங்கினாற்போல வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. இதற்கும் வெளியே, திஷான் கலா என்னும் வெளிநகரைச் சுற்றி 1842இல் கீவாவை ஆண்ட அல்லாகுலி கான் இன்னொரு மதிலை எழுப்பினார். அதில் சில வாயில்களும் துண்டுகளும்தாம் இன்று மிச்சம். உள்மதில் மட்டும் முழுச் சுற்றாக நிற்கிறது.

கட்டட வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரின் அடியைத்தான் தேடும். தெற்கு வாயிலான தாஷ் தர்வாஸாவுக்கு அருகே மதிலடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வாய்க்கால் பாசனம் செழித்த நாட்டில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது; அந்த நீர் மண்ணில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறி, வெயில் பட்டதும் தான் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. உப்பு மணிகள் உள்ளே பெருக்கும்போது மண் பொரிந்து உதிர்கிறது. எனவே இந்த மதில் ஒருமுறை கட்டி முடித்த மதில் அன்று. பூசிக்கொண்டே இருக்க வேண்டிய மதில்.

நாங்கள் போன நேரத்தில் ஒரு முதியவரும் இளைஞர் ஒருவரும் அங்கே ஒரு கொத்தளத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் மண்ணும் வைக்கோல் துணுக்குகளும் நீரில் ஊறிக்கிடந்தன. பல நாள் ஊறிப் புளித்த வாடை தூரத்திலேயே வந்தது. மொழி தெரியாவிட்டாலும் நான் நின்று பார்த்த விதத்திலேயே என் தொழில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்; ஓர் உருண்டை சேற்றை அள்ளி என் கையில் வைத்தார். விரலால் அழுத்தினேன். ரேகை தெளிவாகப் பதிந்தது, விரலில் சேறு ஒட்டவில்லை. பதம் என்றால் இதுதான் பதம். வைக்கோல் இல்லாமல் பூசினால் காயும்போது மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். வைக்கோல் அந்த இழுவையைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அவர் கரணையைக் கொஞ்சமாகவும் உள்ளங்கையை நிறையவும் பயன்படுத்தினார். கொத்தளத்தின் வளைவுக்குக் கைதான் பொருந்தும்.

அந்தப் பக்கத்து மதிலின் சரிவிலேயே கல்லறைகள் இருக்கின்றன. கூண்டு வண்டியின் கூரையைப் போல வளைந்த சிறு மண் கட்டுமானங்கள் மதிலோடு ஒட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. தோண்டினால் தண்ணீர் வரும் நிலத்தில், இறந்தவர்களை மேட்டில் வைக்கவே இவ்வாறு செய்தார்கள் என்கிறார்கள். நகரைக் காக்கும் மதிலிலேயே முன்னோரும் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

இரண்டாம் நாள்

விடியற்காலையில் ரொட்டி மணத்தில்தான் விழித்தோம். விடுதி வீட்டு அம்மாள் முற்றத்து தந்தூர் அடுப்பில் குனிந்து, அப்பளம்போல மெல்லிய, தட்டகலத்துக்குப் பெரிய ரொட்டிகளை உட்சுவரில் அறைந்துகொண்டிருந்தார். மாவின் நடுப்பகுதி உப்பிவிடாமலிருக்க, முள் பதித்த ஒரு சிறிய மர முத்திரையால் குத்துகிறார்கள். குத்திய புள்ளிகளே பூக்கோலமாகவும் அமைந்துவிடுகின்றன. என் மனைவி கேட்டு வாங்கி இரண்டு ரொட்டிகளைத் தானே குத்தினாள். புகாராவிலும் சமர்கந்திலும் உண்ட தடித்த ரொட்டியைவிட இந்தக் குவாரஸ்ம் ரொட்டிதான் எங்களுக்குப் பிடித்தது.

காலை முழுவதும் ஜும்மா மசூதியிலேயே கழிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதை மசூதி என்றே சொல்ல முடியாது. மற்ற கட்டடங்களுக்கு இருப்பதுபோல ஓடு பதித்த உயர்ந்த முகப்போ நீலக் குவிமாடமோ கிடையாது. வெற்றுச் சுவரில் ஒரு கதவு. அதைக் கடந்து உள்ளே கால் வைத்ததும் அரையிருளில் 200க்கும் மேற்பட்ட மரத்தூண்கள், எந்தத் திசையில் திரும்பினாலும் வரிசை பிடித்து நிற்கின்றன. தாழ்ந்த தட்டைக் கூரையில் திறந்துவிட்ட இடங்கள் வழியே மட்டும் வெளிச்சம் கொட்டுகிறது. அந்த வெளிச்சத்துக்கு நேர் கீழே நிற்கும் தூண்கள் தேன் நிறத்திலும், விலகி நிற்பவை கறுப்பாகவும் தெரிகின்றன. குரலை யாரும் தாழ்த்தச் சொல்லாமலே எல்லோரும் தாழ்த்திவிடுகிறார்கள்.

இன்றுள்ள கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. ஆனால் தூண்கள் ஒரே வயதின அல்ல. பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவையும், கொடையாக வந்தவையும், புதிதாகச் செதுக்கியவையும் கலந்து நிற்கின்றன. மிகப் பழையவை 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றை அடையாளம் காண்பதில் ஒரு மணி நேரம் போனது. புதிய தூண்களில் கொடியும் இலையும் ஆழமாக வெட்டப்பட்டு, உளியின் ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பழைய தூண்களில் வேலைப்பாடு மேலோட்டமாகத் தேய்ந்து, அடியிலிருந்து மேல்வரை மரத்தில் நீள நீளமாகப் பிளவுகள் ஓடுகின்றன. அந்தப் பிளவுகளுக்குக் குறுக்கேயும் எழுத்துகள் தொடர்கின்றன.

தூணின் அடிப்பகுதியை உட்கார்ந்து பார்க்காமல் யாரும் திரும்பிவிடக் கூடாது. கீழே வரும்போது மரம் குடத்தின் வயிறுபோல உருண்டு பெருத்து, பிறகு சட்டென்று ஒடுங்கி, சிறிய பாதமாகிப் பீடத்தின்மேல் நிற்கிறது. இத்தனை கனமான கூரையை ஏன் இவ்வளவு சிறிய பாதத்தில் நிறுத்தினார்கள் என்று முதலில் திகைத்தேன். நேற்று மதிலடியில் கண்ட ஓதத்தை நினைத்ததும் விளங்கியது. மண்ணின் ஈரம் மரத்தைத் தொடும் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இவர்கள் குஜும் என்று அழைக்கும் எல்ம் மரம் இறுகிய வைரம் கொண்டது. ஆனாலும் உப்பு நீரில் நின்றால் எந்த மரமும் தாங்காது. ஆயிரம் ஆண்டுத் தூண் இன்று வரை நிற்பதற்கு மரத்தின் உறுதியோடு அந்தப் பாதத்தின் ஒடுக்கமும் காரணம் என்பது என் துணிபு.

பிற்பகலில் தாஷ் ஹவுலி அரண்மனை. ஹவுலி என்பது நாம் ஹவேலி என்று அறிந்த சொல்தான்; கல் மாளிகை என்று பொருள் கொள்ளலாம். அல்லாகுலி கான் 1830களில் கட்டியது. அந்தப்புர முற்றத்தின் ஒரு பக்கம் ஐந்து உயர்ந்த தாழ்வாரங்கள் ஒற்றைத் தூணோடு வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரியது கானுக்கு, மற்ற நான்கும் நான்கு மனைவியருக்கு. நீலமும் வெள்ளையும் இளம்பச்சையுமாகச் சுவர் முழுவதும் ஓடுகள். அண்ணாந்தால் கூரை மரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஓவியம். எங்கும் அழகு, எங்கும் உயர்ந்த சுவர். “வெளியே பார்க்க ஒரு சன்னல்கூட வைக்கவில்லை பாருங்கள்” என்றாள் மனைவி. அவள் சொன்ன பிறகு அந்த முற்றத்தை அதற்கு முன் பார்த்ததுபோல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஓடுகளைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, ஓட்டின் நடுவே சிறு ஆணி. சாந்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றையும் ஆணியடித்தும் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றொன்று, கோலத்தின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் எண். சூளையில் தனித்தனியே சுட்டு எடுத்த நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சுவரில் சேர்க்கும்போது எது எதற்குப் பக்கத்தில் என்று குழம்பாமலிருக்க இட்ட குறி அது. ஓர் ஓட்டில் முனை கீழ்நோக்கிய கூம்பு போன்ற கோட்டைக் கண்டேன். அரபு மரபில் அது 7. வரைந்தவனின் தூரிகை அந்தக் கோட்டின் முடிவில் சற்றே அழுந்தி, நீலம் அங்கே திரண்டு நின்றுவிட்டது. கட்டியவர்களின் கையெழுத்தை இவ்வளவு அருகில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாம் நாள்

கூன்யா ஆர்க் என்னும் பழைய அரண்மனைக் கோட்டையைக் காலையில் பார்த்தோம். அரியணை மண்டபத்துக்கு முன் முற்றத்தில் வட்டமான ஒரு செங்கல் மேடை இருக்கிறது. குளிர்காலத்தில் அதன்மேல் கம்பளிக் கூடாரம் அடித்துக் கான் அதற்குள்ளிருந்து மக்களைச் சந்திப்பாராம். கல்லும் ஓடுமாக மாளிகை கட்டிக்கொண்ட பிறகும் மேய்ச்சல் நிலத்துக் கூடாரத்தை அவர்கள் விடவில்லை. நாணயச்சாலையில் 1920களின் பட்டுப் பணத்தை வைத்திருக்கிறார்கள். கானின் ஆட்சி 1920இல் முடிந்து குவாரஸ்ம் மக்கள் சோவியத் குடியரசு அமைந்தபோது பட்டுத் துணியில் அச்சடித்த பணம் அது.

பிறகு பஹ்லவான் மஹ்மூதின் சமாதிக்குச் சென்றோம். நாம் பயில்வான் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பாரசீக மூலம்தான் பஹ்லவான். 1247இல் பிறந்து 1326இல் மறைந்த இவர், தோலாடை தைக்கும் தொழிலாளி, மல்யுத்த வீரர், பாரசீக மொழியில் ருபாயி என்னும் நான்கடிப் பாடல்களை எழுதிய கவிஞர். இன்று வரை கீவாவின் காவலர். அவர் இந்தியாவுக்குப் போனதாகக் கதை சொல்கிறார்கள். அங்கே ஓர் அரசனின் உயிரைக் காப்பாற்றியபோது, வேண்டியதைக் கேள் என்று அரசன் சொல்ல, சிறைப்பட்டிருந்த தம் நாட்டாரில் ஒரு மாட்டுத்தோலுக்குள் அடங்கும் அளவு பேரை விடுவிக்குமாறு கேட்டாராம். அரசன் இசைந்ததும், தோலை நூல்போல மெல்லிய வாராகக் கிழித்து, அதைச் சுற்றி வளைத்து, அத்தனை பேரையும் அதற்குள் நிறுத்தி அழைத்து வந்தாராம். தோல் தொழிலாளியின் கைத்திறன் அல்லவா அந்தக் கதையில் வெற்றி பெறுகிறது! மல்லனின் தோள்வலியை வைத்தே கதையை முடித்திருக்கலாம். இந்த ஊர் அப்படிச் செய்யவில்லை.

இன்றுள்ள சமாதிக் கட்டடம் 1810இல் முகம்மது ரஹீம் கான் எழுப்பியது. நகரின் மிகப் பெரிய நீலப்பச்சைக் குவிமாடம் இதற்குத்தான். கான்கள் தாங்களும் இவர் அருகிலேயே அடங்க விரும்பினார்கள். அபுல்காஸி கான் உட்படப் பலரின் கல்லறைகள் இங்கேயே உள்ளன. செருப்பைக் கழற்றி, மனைவி தலையில் முக்காடிட்டு, நாங்கள் உள்ளே போனபோது திருமணக் கோலத்தில் ஓர் இளம் தம்பதி சுற்றத்தாரோடு வந்திருந்தார்கள். மௌலவி ஒருவர் ஓதி முடித்ததும் எல்லோரும் உள்ளங்கைகளை முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். முற்றத்துக் கிணற்று நீரை மணமகள் பருகினாள். அடுத்த குவளையை, முன்பின் அறியாத என் மனைவிக்கு நீட்டினாள். வெளியூர்க்காரர்களின் கூட்டம் இத்தனை இருந்தும் இந்த இடம் காட்சிப்பொருளாகிவிடவில்லை.

மாலையில் இஸ்லாம் கோஜா மினாரில் ஏறினேன். 1910இல் கட்டி முடித்த இது ஏறத்தாழ 45 மீட்டர் உயரம். உள்ளே இருட்டில் சுழன்று ஏறும் படிகள் முழங்காலைத் தொடும் உயரத்தில் இருந்தன. மனைவி கீழேயே இருந்துவிட்டாள். கட்டிய இஸ்லாம் கோஜா, கானின் முதலமைச்சராக இருந்து பள்ளியும் மருத்துவமனையும் அஞ்சல் தந்தி நிலையமும் கொண்டுவந்தவர். 1913இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். மினாரின் உடலில் வெளிர் செங்கல்லும் நீல, பச்சைப் பட்டைகளும் மாறி மாறி வருகின்றன; மேலே போகப்போகச் சிறுத்து, கண்ணை இன்னும் மேலே இழுக்கின்றன.

உச்சியிலிருந்து பார்க்கும்போது கல்தா மினார் குட்டையாகத் தெரிந்தது. கல்தா என்றாலே குட்டை. முகம்மது அமீன் கான் 1850களின் தொடக்கத்தில் அதை எழுபது மீட்டருக்கும் மேலாக உயர்த்த எண்ணித் தொடங்கினார்; 1855இல் அவர் போரில் மாண்டதும், 29 மீட்டரோடு வேலை நின்றது. அடியில் 14 மீட்டர் விட்டம் கொண்ட அந்த நீலக் கட்டடம், நெல் கொட்டி வைக்கும் குதிர்போல மேற்கு வாயில் அருகே அமர்ந்திருக்கிறது. என் கண் அதில் அதிக நேரம் நிற்கவில்லை. மாடங்களுக்கும் குவிமாடங்களுக்கும் நடுவே மண்கூரை போட்ட வீடுகள், கொடியில் உலரும் துணிகள், ஒரு கூரையில் காய வைத்த மிளகாய். நகர் உலகப் பாரம்பரியச் சின்னமான 1990ஆம் ஆண்டின் பட்டியலில் 51 பெருங்கட்டடங்களோடு 250 குடியிருப்புகளும் சேர்ந்தே உள்ளன. அந்த 250 எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆள் குடியிருக்கும் மண்வீட்டில் மழைக்கு முன் கூரையில் சேறு பூச யாராவது ஏறுவார்கள். பூட்டிய வீட்டில் ஏறுவதற்கு ஆள் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு வீட்டின் பின்சுவரில் சிமெண்ட் பூச்சைக் கண்டேன். நல்ல எண்ணத்தில்தான் யாரோ செய்திருக்கிறார்கள். ஆனால் சிமெண்டுக்குள் ஈரம் மூச்சுவிட முடியாமல் மேலேறி, பூச்சு முடியும் இடத்துக்குச் சற்று மேலே மண்ணை இருமடங்காக அரித்திருந்தது. மண்ணுக்கு மண்ணே மருந்து என்று என் கொத்தனார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே அது கண்முன் நின்றது. இதைத் தடுக்க எளிய வழி இருக்கும்போது ஒரு சுவர் இப்படிப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இரவு உணவுக்கு ஷிவித் ஓஷி. சதகுப்பைக் கீரையின் சாற்றை மாவிலேயே பிசைந்து செய்த பச்சை நூடுல்ஸ், மேலே இறைச்சிக் குழம்பு, பக்கத்தில் கெட்டித் தயிர். கீவாவுக்கே உரிய உணவு.

நான்காம் நாள்

பிற்பகலில் உர்கெஞ்ச் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். காலையில் கிழக்கு வாயிலான பால்வான் தர்வாஸாவுக்குப் போனோம். வாயில் என்பதைவிட, குவிமாடங்களை வரிசையாகக் கவிழ்த்து மூடிய 60 மீட்டர் நீளத் தெரு என்பதே சரி. இருபுறமும் மாடங்களில் இப்போது கடைகள்: ஆட்டுத்தோல் தொப்பிகள், மரப் பலகைகள், பட்டுத் துண்டுகள். இந்த வாயிலை ஒட்டித்தான் அடிமைச் சந்தை இருந்தது. துர்க்மேனியக் கொள்ளைக் கூட்டத்தார் பாரசீகத்திலிருந்தும் எல்லைப்புறங்களிலிருந்தும் பிடித்துவந்த ஆயிரக்கணக்கானோரை இங்கே விற்றார்கள். 1873இல் தளபதி காஃப்மனின் ரஷ்யப் படை கீவாவைப் பிடித்த பிறகே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. மூன்று நாட்களாக நான் வியந்து பார்த்த வாய்க்கால்களிலும் தோட்டங்களிலும் அந்த அடிமைகளின் உழைப்பு கலந்திருக்கிறது. அந்தப்புரத்துச் சுவரையும் இந்த மாடங்களையும் விட்டுவிட்டு, நீல ஓடுகளை மட்டும் எழுதினால் அது கீவாவைப் பற்றிய முழு உண்மை ஆகாது.

பிறகு நகரைக் குறுக்கே நடந்து மேற்கு வாயிலுக்கு வெளியே வந்தோம். மதிலோரம் அல்-குவாரிஸ்மியின் சிலை, கையிலுள்ளதை நோக்கிக் குனிந்த தலையோடு அமர்ந்திருக்கிறது. குவாரஸ்ம்காரர் என்பதே அந்தப் பெயரின் பொருள். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்து அவர் எழுதிய நூல்களில் ஒன்று இந்திய எண்முறையைப் பற்றியது; அதன் லத்தீன் வடிவத்தின் வழியாகத்தான் நம் எண்கள் ஐரோப்பாவில் பரவின, அவர் பெயரே திரிந்து அல்காரிதம் ஆயிற்று. முந்தாநாள் அரண்மனைச் சுவரில் கண்ட அந்த நீல 7 என் நினைவுக்கு வந்தது. இந்தியாவில் பிறந்த முறையை இந்த மண்ணின் மகன் எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டு கழித்து, அவருடைய ஊர்க்காரன் ஒருவன் ஓடுகளைச் சரியாக அடுக்க அதே முறையில் குறி போட்டான். மனைவியிடம் சொன்னபோது, மறுபடி ஒருமுறை அந்த ஓட்டைப் பார்க்கலாமா என்றாள். நேரமில்லை.

விடுதி வீட்டு அம்மாள் துணியில் சுற்றி நான்கு ரொட்டிகளைத் தந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். வண்டியைத் தெற்குப் பக்கமாக வரச் சொல்லி, மதிலோரம் ஒரு நிமிடம் நிறுத்தினோம். முதல் நாள் ஈரமாக, கரும்பழுப்பாக இருந்த பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது. ஆனால் பழைய மதிலின் நிறத்துக்கு இன்னும் வரவில்லை. சாய்வெயிலில் வைக்கோல் துணுக்குகள் மின்னின. பாளமோ வெடிப்போ ஒன்றுகூட இல்லை. முதியவரும் இளைஞரும் அடுத்த கொத்தளத்துக்குச் சாரத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை அடையாளம் கண்டு, சேறு படிந்த கையை நெஞ்சில் வைத்தார். நானும் அப்படியே செய்தேன்.